நடித்து விழுந்தால் என்ன தண்டனை: ஃபிபா விதியா, என்பிஏ விதியா?

எதிரணி வீரர் இடித்ததுபோல் நடித்து விழுபவருக்கு என்ன தண்டனை? சேலத்தில் உள்ளூர்க் கூடைப்பந்துப் போட்டி நடத்தும் நண்பர்கள் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு), என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) என்ற இரண்டின் விதிகளுக்கும் இடையே தடுமாறுகிறார்கள்.

முதல் முறை நடித்து விழுந்தால்: ஃபிபாவில் பொதுவாக எச்சரிக்கை, அது அணி முழுவதற்கும் சேரும். மீண்டும் அந்த அணியில் யார் நடித்தாலும் டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக் குற்றம்). 2023-24 முதல் என்பிஏவில் எச்சரிக்கையே கிடையாது. முதல் முறையே எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (தடுப்பார் இல்லாமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு).

வீரரின் கணக்கு: ஃபிபாவில் ஐந்து ஃபவுல் ஆனால் வீரர் வெளியேற வேண்டும், அந்தக் கணக்கில் இதுவும் ஒன்று, இரண்டு டெக்னிக்கல் சேர்ந்தால் வெளியேற்றம். என்பிஏவில் நடிப்புக்காக வெளியேற்றம் இல்லை, 2,000 டாலர் அபராதம் உண்டு. மாணவர்களிடம் அபராதம் கேட்க முடியுமா?

நடுவருக்கு: என்பிஏவில் மூவர், நடிப்பைக் கண்டாலும் ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டியதில்லை. நம் மைதானங்களில் பெரும்பாலும் இருவர்தான், மறுபார்வைத் திரையும் இல்லை. உண்மையில் அடிபட்ட பையனை நடிகன் என்று தண்டிப்பது பெரிய அநியாயம். எச்சரிக்கை அந்தத் தவற்றைத் தாங்கிக்கொள்ளும்.

ஆகவே பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கு ஃபிபா விதிதான். ஏற்காட்டு மூடுபனியில் ஆடும்போது இன்னும் உறுதியாகச் சொல்வேன். அனுபவமுள்ள மூன்று நடுவர்கள் கிடைக்கும் பெரியவர் போட்டிக்கு மட்டும் என்பிஏ முறையை முயன்று பாருங்கள்.