ஆட்டிசத்துக்கு நன்கொடை: எந்தப் பக்கம் போகட்டும்?

'குணப்படுத்தும்' ஆராய்ச்சிக்கு நிறுவனங்கள் காசோலை நீட்டுவது விளம்பரத்துக்கு நன்றாகவே எடுபடும். ஆனால் ஆட்டிசம் உள்ள பலருக்கு, தாங்களே இல்லாத உலகத்துக்கு நிதி திரட்டுவதுபோல அது வலிக்கிறது. இத்தகைய ஆராய்ச்சிக்கு நிதி திரட்டிவந்த அமெரிக்காவின் ஆட்டிசம் ஸ்பீக்ஸ் அமைப்பே 2016இல் தன் நோக்க அறிக்கையிலிருந்து 'குணப்படுத்துதல்' என்ற சொல்லை எடுத்துவிட்டது (தாமதம்தான்).

அதே பணம் அன்றாட உதவிக்குப் போனால்? பேச்சு வராதவர் படத்தைத் தொட்டால் "தண்ணீர் வேண்டும்" என்று குரல் கொடுக்கும் டேப்லெட், கண்கூசும் விளக்கும் இரைச்சலும் குறைந்த வேலையிடம், வேலைக்குச் சேர்ந்தபின் கூடவே நின்று பழக்கிவிட ஓர் ஆள். பலன் இன்றைக்கே தெரியும். என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, ஆராய்ச்சியே வேண்டாமா? ஆட்டிசத்தோடு பலருக்குச் சேர்ந்தே வரும் வலிப்பு, தூக்கமின்மை பற்றிய ஆய்வை யார் வேண்டாம் என்பார்கள்? எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் மேசையில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் நாற்காலி வேண்டும், அவ்வளவுதான்.