ஜிம்ப், ஸ்கிரைபஸ்: புத்தக அட்டைகளை ஆப்செட்டுக்கு அனுப்பிய அனுபவம்

சிறு பதிப்பகங்களுக்குப் புத்தக அட்டை வடிவமைக்கும் நான், ஒளிப்படங்களை வண்ண ஆப்செட் அச்சுக்குத் தயாரிக்க, படம் திருத்தும் ஜிம்ப், பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்களையே பல ஆண்டுகளாக நம்பியிருக்கிறேன். கட்டணம் இல்லையென்பதற்காகத் தொடங்கியதுதான். ஆயினும் எந்த நிறம் அச்சில் தேறும், எது தேறாது என்பதைப் பிளேட் (அச்சுத் தகடு) போடும் முன்பே பார்த்துவிட முடிவதால் இன்றும் தொடர்கிறேன்.

திரையில் மின்னும் நாற்றங்கால் பச்சையைச் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் எட்ட முடியாது. அடர்நீலம் இன்னும் சிக்கலானது. சியானும் மெஜந்தாவும் ஏறத்தாழ சம அளவில் விழுந்தால் நீலப் பட்டுப்புடவை ஊதாவாகிவிடும். ஜிம்ப்பில் சாஃப்ட் புரூஃபை (அச்சில் வரும் தோற்றத்தைத் திரையில் காட்டும் வசதி) இயக்கி, பூச்சுள்ள ஆர்ட் கார்டுக்கு ஃபோக்ரா39, பூச்சில்லாத தாளுக்கு ஃபோக்ரா47 எனத் தாளுக்கேற்ற ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் மைகள் எப்படித் தெரியும் என்று விவரிக்கும் கோப்பு) கொடுத்தால், இந்த மாற்றங்கள் ஓரளவு துல்லியமாகத் திரையிலேயே தெரிகின்றன. (அச்சகமே தன் புரொஃபைலைத் தந்தால் நல்லது, பெரும்பாலும் தருவதில்லை.) எட்டாத நிறம் உள்ள இடத்தில் மட்டும் செறிவைக் குறைத்து, அதைச் சுற்றியுள்ள பகுதியைச் சற்று மங்கலாக்கினால், படம் தன் உயிர்ப்பை இழப்பதில்லை.

ஜிம்ப்பில் நேரடியாகச் சிஎம்ஒய்கே (மேற்சொன்ன நான்கு மைகள்) முறையில் திருத்த முடியாது என்பதைப் பலர் பெருங்குறையாகச் சொல்கிறார்கள். 2025இல் வந்த 3.0 பதிப்பு அந்த வடிவில் ஏற்றுமதி செய்ய உதவுகிறதே தவிர, திருத்தம் இன்றும் திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீல முறையான ஆர்ஜிபியில்தான். எனக்கு அது குறையாகப் படவில்லை. பதிப்பாளர் கடைசி நேரத்தில் தாளை மாற்றும்போது, புதிய தாளுக்கேற்ப மீண்டும் மாற்றிக்கொள்ள ஆர்ஜிபி மூலக்கோப்பு கையில் இருப்பவரே நிம்மதியாக இருப்பார். எழுத்துகளை மட்டும் ஜிம்ப்பில் வைக்கக் கூடாது. கறுப்பு நான்கு மைகளாகப் பிரிந்து, ரிஜிஸ்டர் (நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) இம்மியளவு விலகினாலும் ஓரங்களில் நிறம் கசியும் என்பதால், அவற்றை ஸ்கிரைபஸில் தனிக் கறுப்பாகவே அமைக்கிறேன்.

ஸ்கிரைபஸின் அச்சு முன்னோட்டத்தில் நான்கு மைகளின் கூட்டளவைப் பார்க்கலாம். அது 300 விழுக்காட்டைத் தாண்டும் இருண்ட பகுதிகளில் மை உலரத் தாமதமாகி, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். 150 லைன் ஸ்கிரீனுக்கு (அங்குலத்துக்கு 150 வரிசை அச்சுப் புள்ளிகள்) இறுதி அளவில் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள்), சுற்றிலும் வெட்டி நீக்குவதற்கான 3 மி.மீ. பிளீட் ஆகியவை வழக்கமானவை.

இவை அனைத்தும் திரை அளவீடு செய்யப்பட்டிருந்தால்தான் பயன்படும். “அச்சு இருட்டாக வந்திருக்கிறது” என்ற புகார்களில் கணிசமானவை, திரையின் வெளிச்சம் மிகையாக இருந்ததால் எழுபவை; கலரிமீட்டர் (திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கருவி) வைத்துச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவுக்கு இறக்கியபின் என் வேலையில் அவை அரிதாகிவிட்டன. அட்டைமேல் ஒட்டும் பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் நிறத்தை மேலும் அடக்குவதை மட்டும் நான் பயன்படுத்தும் எந்தப் புரொஃபைலும் காட்டுவதில்லை. அத்தகைய அட்டைகளுக்கு லேமினேஷன் செய்த புரூஃபை (மாதிரி அச்சு) கேட்டு வாங்கிய பிறகே ஒப்புதல் தருகிறேன்.