பிரேக் பேடு மாற்றிய பிறகு பெடல் பஞ்சு மாதிரி அழுந்துகிறதா? மலை இறங்காதீர்கள்

மேட்டுப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலைக்கு இரண்டு தடவையாக 8,000 ரூபாய் கொடுத்தேன். அந்த வேலையால் கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் நானும் அம்மாவும் உயிர் தப்பியதே பெரிய விஷயம். கடைப் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் போக்கில் நடக்கட்டும். ஆனால் கோத்தகிரி, குன்னூர் பக்கமிருந்து வண்டி வேலைக்குக் கீழே போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இது.

கோத்தகிரி பக்கம் அரவேணுவில் இருக்கிறேன். அம்மாவை மாதம் ஒரு முறை கண் பரிசோதனைக்குக் கோவை கூட்டிப் போக வேண்டும். வண்டி பழைய சின்ன கார், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். முன் பேடு தேய்ந்து கீச்சென்று சத்தம் வர ஆரம்பித்ததும், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாளில் வண்டியை அந்தக் கடையில் விட்டேன். மாலையில் எடுக்கப் போனபோது பேடு மட்டும் இல்லை, “காலிப்பர் பிஸ்டன் டைட்டா இருந்துச்சு மேடம், கழட்டி கிட் மாத்திட்டோம், பிரேக் ஆயிலும் புதுசு” என்று 4,200 ரூபாய்க்கு பில் கொடுத்தார்கள். காலிப்பர் என்பது பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம், கிட் என்றால் அதன் ரப்பர் சீல்கள். கேட்காமல் செய்த வேலை. ஆனாலும் பிரேக் ஆயிற்றே என்று கொடுத்துவிட்டேன்.

கடை வாசலிலேயே தெரிந்தது. பெடல் முன்பு பாதி அழுத்தினால் கல் மாதிரி நிற்கும். இப்போது காலுக்கடியில் ஈரப் பஞ்சு வைத்தது போல அமுங்கிக்கொண்டே போனது. கேட்டதற்குப் பதில்: “புது பேடு மேடம், 200 கிலோமீட்டர் ஓடினா தானா செட் ஆயிடும்.” இந்த ஒரு வாக்கியத்தைத்தான் யாரும் நம்பக் கூடாது என்று எழுத உட்கார்ந்தேன். புது பேடு டிஸ்க்கோடு உரசிப் படியும் வரை பிடிப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும், உண்மைதான். அதற்காகப் பெடல் தரை வரைக்கும் போகாது. பெடல் ஆழமாகவும் மெத்தென்றும் போனால் ஆயிலுக்குள் காற்று இருக்கலாம், எங்காவது கசியலாம், ஏதாவது தப்பாக மாட்டியிருக்கலாம். எதுவுமே ஓட ஓடச் சரியாகாது.

அன்று மலை ஏறினோம். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நாலு நாள் கழித்துக் கண்ணாடி வாங்க மறுபடி இறங்கினோம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர், அதற்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்க வேண்டும். இரண்டாவது கியரில்தான் வந்தேன். பாதி வழிக்குமேல் வந்திருப்போம், எதிரே அரசு பஸ் வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. மிதித்தேன். பெடல் கீழே தரை விரிப்பில் போய் இடித்தது, வண்டி நிற்கவில்லை. அம்மா ஜன்னலுக்கு மேலே உள்ள பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காலை எடுத்து எடுத்து மூன்று தடவை பம்ப் அடித்ததும் கொஞ்சம் பிடித்தது. முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, பஸ்ஸின் முன்பக்கத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றோம்.

அங்கே அதிக நேரம் நிற்கவும் முடியாது. பலாப்பழ சீசன், அந்தப் பக்கம் யானை நடமாட்டம் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அம்மாவைக் கீழே போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, சக்கரம் ஆறுவதற்குக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பெடல் பழைய அளவுக்கு மேலே வந்தது. முதல் கியரிலேயே ஊர்ந்து கீழே போய்ச் சேர்ந்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. வண்டியை அங்கேயே விட்டு, மெக்கானிக்கை வரவழைத்திருக்க வேண்டும்.

கடையில் பார்த்துவிட்டு, “மாஸ்டர் சிலிண்டர் போச்சு மேடம், நீங்க பிரேக்லயே கால் வெச்சு ஓட்டுறீங்க” என்றார்கள். பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற பாகம்தான் மாஸ்டர் சிலிண்டர். எனக்கு 14 வருடமாக இந்த மலைதான் ரோடு. கோபம் வந்தாலும், உயிர் பயத்தில் சரி மாற்றுங்கள் என்றேன். இன்னும் 3,800 ரூபாய். பழைய சிலிண்டரைக் கேட்டதற்கு “ஸ்கிராப்ல போட்டாச்சு” என்றார்கள். பெடல் முன்னைவிடக் கொஞ்சம் மேலே வந்திருந்தது, ஆனால் அதே மெத்து. எப்படியோ ஏறி வீட்டுக்கு வந்தேன். அதற்குமேல் வண்டியை எடுக்கவில்லை.

மறுநாள் கோத்தகிரியில் எங்களுக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு என்னையே நாலைந்து தடவை பெடலை மிதிக்கச் சொன்னார். பிறகு காலை எடுக்காமல் அழுத்தியே வைக்கச் சொன்னார். “மெதுவா கீழ இறங்குதாம்மா?” இறங்கவில்லை. ஸ்பிரிங் மாதிரி இருந்தது, ஆனால் ஒரே இடத்தில் நின்றது. வெளியே கசிவு இல்லாமல் பெடல் மெதுவாக மூழ்கினால்தான் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்பட வேண்டும், இது காற்று என்றார். ஒரு நிமிட வேலை. 3,800 ரூபாய் வாங்குமுன் அந்தக் கடையில் இதைச் செய்யவில்லை.

முன்சக்கரத்தைக் கழற்றியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “இதை யாரும்மா மாட்டினது?” என்று கேட்டு, காலிப்பரின் பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். ஆயிலிலிருந்து காற்றை வெளியே எடுக்க ஒரு சின்ன நிப்பிள் இருக்கும், ரப்பர் மூடி போட்டது. அது கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த சக்கரத்திலும் அப்படித்தான். இரண்டு காலிப்பரையும் ஒரே நேரத்தில் கழற்றி, திரும்ப மாட்டும்போது வலது இடது மாற்றி மாட்டியிருக்கிறார்கள். காற்று எப்போதும் ஆயிலுக்கு மேலேதான் போய் நிற்கும். நிப்பிள் மேலே இருந்தால்தான் அது வெளியே வரும். கீழே இருந்தால் நூறு தடவை ஏர் எடுத்தாலும் ஆயில் மட்டும்தான் வரும், காற்று உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஹோஸும் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது.

இரண்டையும் இடம் மாற்றி மாட்டி, நிப்பிளில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டியூபைச் சொருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டார். நான் பெடலை மிதித்துப் பிடித்தேன், அவர் ஸ்பேனரைக் கால் சுற்றுத் திறந்தார். டியூபில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது, கூடவே கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஆயில். புதிது என்று பில் போட்ட ஆயில்! புது ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். ஆயில் ஈரத்தை இழுக்கும், பழசாகப் பழசாகக் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் அதற்கான அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூட்டில் அது கொதித்து ஆவியாகும். ஏற்கனவே உள்ளே இருந்த காற்றோடு அதுவும் சேர்ந்துதான் அன்றைக்குப் பெடல் தரையைத் தொட்டது. சூடு ஆறியதும் மேலே வந்ததற்கும் அதுதான் காரணம்.

அப்புறம் மாஸ்டர் சிலிண்டர். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஆனால் அதைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டிலும் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. மாற்றவே இல்லை. பெடல் கொஞ்சம் மேலே வந்தது எப்படி என்றால், பின் டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் ஷூவை அளவுக்குமேல் இறுக்கிவிட்டிருந்தார்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசியது. சீல் உடைக்காத டின்னை என் முன்னால் திறந்து நாலு சக்கரத்துக்கும் ஆயில் மாற்றி, ஷூவைச் சரிசெய்து, அண்ணன் வாங்கியது 980 ரூபாய். பெடல் மறுபடி கல் மாதிரி நின்றது.

பிரேக் வேலை செய்துகொண்டு வந்தவர்கள் வண்டியை எடுக்குமுன் அங்கேயே மிதித்துப் பாருங்கள். இரண்டாவது மிதியில் பெடல் முதல் மிதியைவிட மேலே வந்தால் வண்டியை வாங்காதீர்கள். பல வண்டிகளில் காலிப்பர் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி போன் டார்ச் அடித்தாலே தெரியும். பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். கோடை சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். அந்த வரிசையில் நம் வண்டிக்கு முன்னால் குழந்தைகளோடு யாராவது போய்க்கொண்டிருப்பார்கள்.

நட்டின் துரு, கீழே பார்த்த நிப்பிள், கறுத்த ஆயில் எல்லாவற்றையும் அப்போதே படம் எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. கடையிலிருந்து ஒரு தடவை போன் வந்தது, பாதிப் பணம் தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. அம்மா மட்டும் இன்னும் கோவைக்குப் பஸ்ஸில்தான் வருவேன் என்கிறார்.