பன்னிரண்டு வருஷத் திருவல்லிக்கேணியும் ஒரு பன்னிரண்டு மணியும்

போன வாரம் கூட்டாளி ஒருத்தன் சங்கரன்கோவிலில் என் கடைக்கே வந்து கேட்டான். “ஏலே, காலாண்டு லீவுல பிள்ளைகளோட அஞ்சு நாள் மெட்ராஸ் போறோம். நீதான் அடிக்கடி போற ஆளு. எந்த ஏரியாவுல ரூம் போடட்டும்?” கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு நாலு நாள் முந்திதான் அங்கே ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் ஐந்தரை மணி நேரம் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன்.

நமக்கு ஸ்டேஷனரி வியாபாரம். வருஷத்துக்கு நாலைந்து தடவை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சரக்கு எடுக்கணும். 2013-லிருந்து தங்குவது திருவல்லிக்கேணி, ஒரே லாட்ஜ். பாரிமுனையிலேயே தங்கினால் என்ன என்பார்கள். ஒரு தடவை தங்கினேன். ராத்திரி ஷட்டரெல்லாம் இறங்கிய பிறகு சாப்பாட்டுக்கு அலைந்து, விடிய விடிய லோடு இறக்குகிற சத்தம் கேட்டுப் படுத்ததோடு சரி.

திருவல்லிக்கேணியில் வேலைக்குப் போக மட்டும்தான் எனக்கு வண்டி வேண்டும். பறக்கும் ரயிலில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் கடற்கரை, ரோட்டைத் தாண்டினால் பாரிமுனை. மற்றதெல்லாம் நடைதான். சாயங்காலம் பாரதி சாலையில் பழைய புத்தகக் கடைகளை மேய்ந்துகொண்டே போனால் மெரினா. இந்தப் பக்கம் மீசை வைத்த பார்த்தசாரதிப் பெருமாள், பாரதியார் இருந்த வீடு. அந்தப் பக்கம் 1795-ல் கட்டின பெரிய பள்ளிவாசல். ரத்னா கபேயில் இட்லி தட்டுக்கு வந்ததும் சாம்பார் மொள்ளுகிறவர் ஜக்கோடு வந்து நிற்பார். இட்லி முங்குகிற வரை ஊற்றுவார், தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார். சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ள இட்லி என்று சொன்னால் தப்பில்லை.

குறை இல்லாமல் இல்லை. போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, தலைமுடி தேங்காய் நார் மாதிரி நிற்கும். வாளியின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் பத்து. சந்துக்குள் மாடு வந்தால் நாம்தான் ஒதுங்கணும். 2023 ஆகஸ்டில் நாலாவது ரயில் பாதை போடுகிறோம் என்று பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டார்கள். திரும்ப ஓட 2024 அக்டோபர் ஆயிற்று. இதற்கு நடுவில் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து தெற்கத்தி பஸ்ஸெல்லாம் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே கிளாம்பாக்கத்துக்குப் போயின. பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காத அன்றைக்கு, பஸ்ஸில் வந்த தூரத்தைவிட அங்கிருந்து ஊருக்குள் போகிற தூரம்தான் அலுப்பு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது இந்தப் பன்னிரண்டு மணி. பழைய முதலாளி இருந்தவரை, நாம் உள்ளே நுழைகிற நேரத்தை நோட்டில் எழுதுவார். காலை 6.20 என்றால் மறுநாள் 6.20 வரை ரூம் நம்முடையது. விடியற்காலை வந்து இறங்கி, மறுநாள் ராத்திரி வண்டியைப் பிடிக்கிற தெக்கத்தி ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த கணக்கு. ரூமைக் காலி செய்துவிட்டு பெட்டியைக் கவுண்டரில் போட்டால் ராத்திரி வரை கிடக்கும். இப்போது மகன் பார்க்கிறார். டைல்ஸ், ஏசி, போனிலேயே புக்கிங். கூடவே மதியம் பன்னிரண்டுக்கு உள்ளே, மறுநாள் பதினொன்றுக்கு வெளியே. ஆறரைக்குப் போய் நின்றால், “சிஸ்டம் எடுக்காது அண்ணாச்சி. இப்பவே வேணும்னா நேத்து வாடகையும் சேத்துக் கட்டணும்” என்கிறான், என்னைப் பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்த பையன். கீழே பொதுக் குளியலறையில் குளிக்க நூற்றைம்பது ரூபாய். அதுவும் அந்த உப்புத் தண்ணீருக்கு!

நியாயத்தையும் சொல்லணும். மெத்தையில் இப்போது பள்ளம் இல்லை, கரப்பான் இல்லை. பையன் அவன் காசில் டீ வாங்கிக் கொடுத்தான். இருந்தாலும் அந்த சோபாவில் ஐந்தரை மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு மெத்தை ஞாபகத்தில் நிற்காது.

கூட்டாளிக்கு மற்ற ஏரியாக்களையும் சொன்னேன். தி.நகரில் போட்டால் அஞ்சு நாளும் ரங்கநாதன் தெருவிலேயே கழியும், மதினி கையில் பர்ஸைக் கொடுத்த கதைதான். வடபழனி, தெற்கத்தி பஸ்ஸெல்லாம் கோயம்பேட்டுக்கு வந்த காலத்துக்குச் சரி. அப்புறம் ஆற்காடு சாலையை மெட்ரோவுக்கு வருஷக்கணக்காகத் தோண்டிப் போட்டார்கள். கிரீம்ஸ் ரோட்டில் அடுப்போடு ரூம் கிடைக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கானது, போர்டுகூட வங்காளியில் இருக்கும். மயிலாப்பூர் போய்ப் பார்க்க, தங்க இல்லை.

எழும்பூர் என்றால் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேனில் வரிசையாக லாட்ஜ். மியூசியம் நடக்கிற தூரம், வெள்ளிக்கிழமை லீவு. வண்டலூர் ஜூவுக்கு நேரே லோக்கல் ரயில். அதற்குச் செவ்வாய் லீவு. மெட்ரோ பக்கத்திலேயே. ராத்திரி காலாற நடக்க அங்கே ஒன்றும் கிடையாது. டிராவல்ஸ் பஸ்ஸையும் பிரியாணிக் கடையையும் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

“எழும்பூர்லயே போடு. திருவல்லிக்கேணிப் பக்கமே போகாத. பாதி மேன்ஷன்ல குடும்பத்துக்கு ரூம் குடுக்கவும் மாட்டான். புக் பண்ணுறதுக்கு முன்ன இருபத்தி நாலு மணி நேரமா, பன்னெண்டு மணியான்னு போன்ல கேட்டுக்கோ” என்றேன்.

அவன் எழும்பூரில் போட்டுவிட்டான். எனக்கு அடுத்த மாசம் டைரி எடுக்கப் போகணும். திருநெல்வேலி வந்தே பாரத்தில் விருதுநகரில் ஏறினால் மதியம் ரெண்டு மணி வாக்கில் எழும்பூர், அங்கிருந்து ஆட்டோவில் திருவல்லிக்கேணி. அந்த டிக்கெட் காசு பொதிகை ஸ்லீப்பரைவிட எத்தனையோ மடங்கு, ஒரு பகல் கடையும் அடைப்பு. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.