ஏஎஃப்எம்: அணைப்பதா, அகற்றுவதா? பழைய டாஹோவின் 5.3 லிட்டர் இன்ஜினுக்கு நான்கு வழிகள்

2007 முதல் 2014 வரை வந்த ஷெவர்லே டாஹோ, சபர்பன், ஜிஎம்சி யூகான் வண்டிகளின் 5.3 லிட்டர் வி8 இன்ஜினில் ஏஎஃப்எம் என்றொரு ஏற்பாடு உண்டு. விரிவாகச் சொன்னால் ஆக்டிவ் ஃபியூயல் மேனேஜ்மென்ட். சமதரையில் வண்டி அலுங்காமல் ஓடும்போது எட்டு சிலிண்டரில் நான்கை நிறுத்திவிடும். வண்டி லட்சம் மைலைத் தாண்டியதும் இதை என்ன செய்வது என்ற கேள்வி எழும். டிஸேபிளர் மாட்டு என்பார் ஒருவர், டியூன் போடு என்பார் இன்னொருவர், மொத்தமாகப் பிடுங்கிப் போடு என்பார் மூன்றாமவர். மூன்றுமே சரிதான், ஆனால் ஒரே இன்ஜினுக்கு அல்ல. லிஃப்டர் (கேம் ஷாஃப்டின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் சிறு உருளை) இன்னும் நன்றாக இருக்கிறதா, போய்விட்டதா என்பதைப் பொறுத்தே எல்லாம்.

நிற்பவை 1, 4, 6, 7 சிலிண்டர்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-7-2-6-5-4-3 என்பதால் ஒன்றுவிட்டு ஒன்று நிற்கும். இந்த நான்குக்கும் தலா இரண்டு, ஆக 8 லிஃப்டர்கள் தனி வகை. இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, இரண்டு சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுப்பள்ளத்தில், நான்கு சோலனாய்டு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) கொண்ட ஆயில் மேனிஃபோல்ட் தட்டு மூடியாக உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் சோலனாய்டைத் திறந்தால் ஆயில் பிரஷர் போய் லிஃப்டருக்குள் இருக்கும் லாக் பின்களை உள்ளே தள்ளும். லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கும், வால்வு திறக்காது. இந்தப் பின்கள் திரும்பி வெளியே வராமல் சிக்கிக்கொள்வதுதான் பெரும்பாலான தொல்லை. அதைவிட மோசம், லிஃப்டரின் ரோலர் தேய்ந்து கேம் ஷாஃப்டின் லோபை (லிஃப்டரைத் தள்ளும் மேடு) கடித்துத் தின்பது.

முதலில் சத்தத்தைப் பிரித்தறிய வேண்டும்

டிக் டிக் என்ற சத்தமெல்லாம் லிஃப்டர் அல்ல. காலையில் கேட்டு, இன்ஜின் சூடானதும் மறைந்தால் அது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் உடைந்த கசிவு. கடைசியில், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர்) பக்கம் இருக்கும் போல்ட்தான் வழக்கமாக உடையும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தலை இல்லாத போல்ட் தெரிந்துவிடும்.

சூடான பிறகும் சத்தம் நிற்காமல், பி0301, பி0304, பி0306, பி0307 ஆகிய மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியாமை) கோடுகளில் ஒன்று வந்தால் சந்தேகம் வலுக்கும். அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலையும் பிளக்கையும் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஃபயர் கூடவே நகர்ந்தால் பிழைத்தீர்கள். நகராவிட்டால் அந்தப் பக்க வால்வு கவரைக் கழற்றி, ஃபியூயல் பம்ப் ரிலேவைப் பிடுங்கிவிட்டு, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற இன்னொருவர் ராக்கர்களை (வால்வை அழுத்தித் திறக்கும் கைகள்) பார்க்க வேண்டும். மற்றவை எல்லாம் தலையாட்ட, ஒன்று மட்டும் அசையாமல் அல்லது அரைகுறையாக அசைந்தால் சிக்கிய லிஃப்டர் அதுதான். கம்ப்ரஷன் டெஸ்ட்டிலும் அந்த சிலிண்டர் இறங்கித்தான் காட்டும்.

ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டினால் உடனே பயப்பட வேண்டாம். ஆயில் பிரஷர் சென்சாருக்கு அடியில் நகக்கண் அளவு வலை ஒன்று உண்டு, அது கசடால் அடைபடும். சென்சாரைக் கழற்ற 27 மில்லிமீட்டர் சாக்கெட் போதும். வலையை மாற்றி, மெக்கானிக்கல் கேஜ் வைத்து உண்மையான பிரஷரைப் பார்த்த பிறகே மற்ற முடிவுகள்.

வழி ஒன்று: டிஸேபிளர்

ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகும் சிறு பெட்டி. ரேஞ்ச் டெக்னாலஜி என்ற தயாரிப்பாளரின் பெயர் பலருக்கும் தெரியும். விலை சுமார் 200 டாலர். செருகியதும் இன்ஜின் எப்போதும் வி8 நிலையிலேயே இருக்கும், கம்ப்யூட்டரின் மென்பொருளில் எதையும் எழுதாது. பிடுங்கினால் பழையபடி ஆகிவிடும். புகைப் பரிசோதனைக்குப் போகும்போது அந்த சாக்கெட் காலியாக வேண்டும் என்பதால் இது பெரிய வசதி. வண்டி வாரக்கணக்கில் சும்மா நிற்கப் போகிறதென்றால் பேட்டரி வடியும் என்பதை எண்ணி டிஸேபிளரைக் கழற்றி வைப்பது நல்லது.

வாங்குவதற்கு முன் காசில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். 6 ஸ்பீடு கியர்பாக்ஸ் வண்டியில் கியரை எம் (மேனுவல்) நிலைக்குத் தள்ளி 5ல் வைத்து ஓட்டுங்கள். டேஷ்போர்டில் உடனடி மைலேஜ் காட்டும் பக்கத்தில் வி4 என்று மாறாமல் வி8 என்றே நிற்கும். நாலு நாள் அப்படி ஓட்டி, மைலேஜ் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒரு கேலனுக்கு 17 மைல் கொடுத்த வண்டி 16க்கு இறங்குவதாக வைத்தாலும், ஆண்டுக்கு 12,000 மைலுக்குக் கூடுதலாக 44 கேலன்தான் ஆகும்.

இதன் எல்லையும் தெளிவானது. உள்ளே இருப்பது அதே லிஃப்டர், அதே லாக் பின். பின் மாறிமாறி இயங்கும் தேய்மானம் நிற்குமே தவிர, ஏற்கெனவே சிக்கியதை இது விடுவிக்காது. சத்தம் வந்த பிறகு டிஸேபிளர் வாங்குவது வீண் செலவு.

வழி இரண்டு: டியூன்

எச்பி டியூனர்ஸ் போன்ற கருவியால் கம்ப்யூட்டரிலேயே ஏஎஃப்எம்மை அணைப்பது. பலன் டிஸேபிளருடையதுதான், எல்லையும் அதேதான். கூடுதலாகக் கியர் மாறும் விதம், டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகும் நேரம் இவற்றையும் சீர்செய்யலாம். டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அது பயன்படும். இல்லாதவர்களுக்கு டிஸேபிளரே போதும்.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். 2021 ஜூலை 19 முதல் அங்கே ஸ்மாக் செக் என்ற புகைப் பரிசோதனை, கம்ப்யூட்டரின் மென்பொருளையும் சரிபார்க்கிறது. மாற்றிய டியூனுக்கு அனுமதி எண் இல்லாவிட்டால் வண்டி தோற்கும். டெக்சாஸில் 2025 முதல் சொந்த வண்டிகளுக்கு சேஃப்டி இன்ஸ்பெக்ஷன் நீங்கிவிட்டது, ஆனால் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் சுற்றுவட்டார மாவட்டங்களில் புகைப் பரிசோதனை இன்னும் உண்டு.

வழி மூன்றும் நான்கும்: ஹெட்டைக் கழற்றிய பிறகு

லிஃப்டர் போய்விட்டால் ஹெட் இறங்கியே ஆக வேண்டும். இந்த இன்ஜினில் ஹெட்டைத் தூக்காமல் லிஃப்டரை வெளியே எடுக்க முடியாது. கேள்வி, திரும்ப ஏஎஃப்எம் லிஃப்டரே போடுவதா, சாதாரண லிஃப்டருக்கு மாறுவதா என்பது.

மூன்றாம் வழியாக அதே வகையைத் திரும்பப் போட்டால் கேம் ஷாஃப்டை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் லோபில் நகம் தடுக்கும் கீறலோ பள்ளமோ இருக்கக் கூடாது. டியூனும் தேவையில்லை, ரேடியேட்டரைக் கழற்ற வேண்டியதும் இல்லை. ஒரு லிஃப்டரை மட்டும் மாற்றி மூடுவது கஞ்சத்தனம். 16 லிஃப்டர், 4 பிளாஸ்டிக் டிரே, ஆயில் மேனிஃபோல்ட் தட்டு எல்லாமே புதிதாக வேண்டும். முடித்த கையோடு டிஸேபிளரைச் செருகிவிடலாம். கலிபோர்னியாவாசிகளுக்கு இதுதான் சரியான வழி.

நான்காம் வழி முழு டிலீட், அதாவது ஏஎஃப்எம்மை மொத்தமாக அகற்றுவது. அதற்குச் சாதாரண லிஃப்டர் 16 (பலரும் எல்எஸ்7 வகையை எடுக்கிறார்கள்), டிரே 4, ஏஎஃப்எம் அல்லாத கேம், சோலனாய்டு இல்லாத மூடித் தட்டு வேண்டும். பழைய கேமை வைத்துக்கொண்டு லிஃப்டரை மட்டும் மாற்றும் அரைவேலை ஆகாது, ஏனென்றால் அந்த நான்கு சிலிண்டர்களின் லோப் வடிவமே வேறு. 2010 முதல் வந்த இன்ஜின்களில் விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் ஏற்பாடு) உண்டு, அதற்குரிய கேம் தனி. ஆர்டர் போடுமுன் இதைப் பாருங்கள். பள்ளத்தில் நிற்கும் ஆயில் துளைகளை அடைக்க மூடித் தட்டில் ஓ-ரிங் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் கசியும். புஷ்ராட் (லிஃப்டருக்கும் ராக்கருக்கும் இடையிலுள்ள கம்பி) நீளத்தை அளந்தே வாங்குங்கள். டியூன் இங்கே கட்டாயம். சோலனாய்டு இல்லாததைக் கண்டு கம்ப்யூட்டர் பி3401, பி3425, பி3441, பி3449 என்று வரிசையாகக் கூச்சலிடும்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஆபத்துகள் சில:

ஹெட் போல்ட் ஒருமுறைதான் உதவும், புதிது வாங்க வேண்டும். ஒவ்வொரு ஹெட்டுக்கும் எம்11 போல்ட் 10, எம்8 போல்ட் 5. எம்11க்கு 22 பவுண்டு-அடி, அடுத்த சுற்றில் 90 டிகிரி, கடைசியில் 70 டிகிரி. எம்8க்கு 22 பவுண்டு-அடி மட்டும். ஹெட்டைத் தூக்கும்போது கூலன்ட் போல்ட் துளைகளில் இறங்கும். அதை உறிஞ்சி, காற்றடித்து உலர்த்தாமல் போல்டை முறுக்கினால், அடியில் சிக்கிய நீர் பிளாக்கையே பிளந்துவிடும். பரப்பைச் சுத்தம் செய்ய உராய்வு டிஸ்க் போட்டுத் தேய்க்க வேண்டாம், அந்தத் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் பொறுமையும் போதும். உடைந்த எக்ஸாஸ்ட் போல்ட் இருந்தால் ஹெட் மேஜைமேல் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

கேம் மாற்றினால் முன்பக்க பேலன்சரும் (கிராங்க் ஷாஃப்ட் முனையிலுள்ள புல்லி) கழலும். பழைய போல்டால் 240 பவுண்டு-அடி வரை இழுத்து உட்கார வைத்து, அதை எடுத்துவிட்டு, புதிய போல்டை 37 பவுண்டு-அடியும் 140 டிகிரியும் முறுக்க வேண்டும். டைமிங் கவர் திறந்திருக்கும்போது ஆயில் பம்பையும், பிக்கப் குழாயின் ஓ-ரிங்கையும் மாற்றுவது நல்லது. ஓ-ரிங் இறுகிப்போனால் பம்ப் காற்றை உறிஞ்சி, ஐடிலில் பிரஷர் விழும். அதற்கு ஆயில் பேனை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்க வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் டிஃபரென்ஷியலையும் இறக்க வேண்டிவரும், அந்த நேரத்தைக் கணக்கில் சேருங்கள்.

டிலீட்டுக்கு உதிரிபாகம், கேஸ்கெட், போல்ட், டியூன் எல்லாம் சேர்த்து சுமார் 1,500 டாலர் ஆகும். கடையில் கொடுத்தால் அதன் இரண்டு மூன்று மடங்கு. சத்தமில்லாத இன்ஜினை 'முன்னெச்சரிக்கை' என்று பிரித்து டிலீட் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கெடாததைக் கழற்றும்போதுதான் புதிய கசிவுகள் பிறக்கின்றன.

ஆயில் குடிக்கும் பிரச்சினை தனி

டிஸேபிளர் போட்டால் ஆயில் குடிப்பது நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். 2007 முதல் வந்த ஆரம்பகால இன்ஜின்களில் ஆயில் பேனுக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வு சிலிண்டர் சுவரில் ஆயிலைப் பீய்ச்சும். அதற்கு ஒரு தகட்டு மறைப்பும், இடதுபக்கத்துக்குத் திருத்திய வால்வு கவரும் தயாரிப்பாளரான ஜிஎம் கொடுத்தது. 2011 முதல் 2014 வரையிலான எல்சி9 என்ற 5.3 லிட்டர் வகை இன்ஜின்களில் பிஸ்டன் ரிங்கே காரணம் என்ற வழக்கில், 2022 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜூரி 10.26 கோடி டாலர் தீர்ப்பளித்தது. ரிங் தேய்ந்த வண்டியில் டிலீட்டுக்குச் செலவழிக்குமுன் லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்றடைத்து எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) பாருங்கள். அது தோற்றால் அந்தப் பணத்தை முழு இன்ஜினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழி என்றாலும் ஆயில் 6 குவார்ட், 5டபிள்யூ-30, ஜிஎம்மின் டெக்சோஸ் தரம். மீட்டர் சொல்லும் ஆயில் ஆயுள் சதவீதத்துக்குக் காத்திருக்காமல் 5,000 மைலில் மாற்றுங்கள். ஹெட் திறந்த இன்ஜினுக்கு முதல் மாற்றம் 500 மைலிலேயே.