கறிவாழைக்கு எந்தத் தீனி: புண்ணாக்கா, தழையா, வெட்டிய மரமா?

செடிகளிலிருந்து வரும் உரத்தை மட்டும் வைத்துக் கறிவாழை வளர்க்க நினைப்பவர்களின் கை முதலில் போவது புண்ணாக்கு மூட்டைக்குத்தான். தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் ஒரு ஓட்டை தெரியும்.

ஒரு மரத்துக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு சுமார் 200 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 300 கிராம் சாம்பல் சத்து (பொட்டாஷ்). வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய 5 சதவீதம், சாம்பல் சத்து 1.5 சதவீதம்தான். 4 கிலோ போட்டால் முதல் கணக்கு நேராகிவிடும். இரண்டாவது 60 கிராமிலேயே நின்றுவிடும். கடலைப் புண்ணாக்கில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அதனால்தான் புண்ணாக்கை மட்டும் நம்பிய தோப்பில் புது இலை பச்சைப்பசேல் என்று விரியும்போதே, அடி இலைகளின் ஓரம் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிக் காய்ந்து, நடுநரம்பு ஒடிந்து தொங்கும். சாம்பல் சத்துக் குறைவு என்று மரமே காட்டுகிறது. நாம்தான் இலை பழுத்துவிட்டது என்று அறுத்துப் போட்டுவிடுகிறோம்.

வேப்பம் புண்ணாக்குக்கு ஒரு பெருமை உண்டு, அதை மறுக்க முடியாது: வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவை மட்டுப்படுத்தும். கறிவாழை வேர் நூற்புழுவிடம் எளிதில் தோற்றுப்போகும், மரம் தாரோடு சாயும். அந்த ஒன்றுக்காகவே நடும் குழியில் கொஞ்சம் போடலாம்.

அடுத்தது பசுந்தாள். சணப்பு அல்லது தக்கைப்பூண்டை வரிசைக்கு நடுவே விதைத்து, 45 நாள் வாக்கில் பூக்கும் சமயம் மடக்கிவிட்டால் மண் பொலபொலவென்று ஆகும். முதல் வருடம் சரி. அப்புறம் வாழை நிழல் கட்டிவிட்டால் கீழே எதுவும் தலையெடுக்காது. ஆகவே வேலியோரம் கிளைரிசிடியா மரத்தை வளர்த்துத் தழையை வெட்டி வந்து போடுவதுதான் வழி. பச்சைத் தழையில் பெரும்பகுதி தண்ணீர். மலைபோல் குவித்தாலும் பத்து நாளில் பாயாகப் படுத்துவிடும். கை வலிக்கும் வேலை, சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, தார் வெட்டியபின் நிற்கும் அதே மரம். என் ஓட்டு இதற்குத்தான். மண்ணிலிருந்து வாழை எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பங்கு தண்டிலும் இலையிலும் இருக்கிறது. தோப்பை விட்டு வெளியே போகவேண்டியது தார் மட்டுமே. தண்டை நீளவாக்கில் பிளந்து பரப்பினால் சீக்கிரம் காய்ந்து மக்கும். முழுசாகக் கிடந்தால், வாழையைத் துளைக்கும் கூன்வண்டுக்கு வீடாகிவிடும். கிழங்கை ஒட்டிக் குவிக்கவும் வேண்டாம். வாடல் நோய் கண்ட மரம் என்றால் துண்டுகூட வேறு மரத்தடிக்குப் போகக் கூடாது. இந்த உரத்தின் ஒரே பெரிய ஆபத்து அதுதான்.

சில வாரம் கழித்து, தண்டு பரப்பிய அந்த மூடாக்கைக் கையால் விலக்கிப் பாருங்கள். வெள்ளை வேர்கள் மண்ணை விட்டு மேலேறி, மக்கிய மட்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். கறிவாழையின் கிழங்கு வருடத்துக்கு வருடம் மேலே ஏறிவரும் சுபாவம் உடையது. அதற்கு இந்தப் போர்வை தேவை. திறந்த வயலில் ஓரிரு தாருக்குள் ஓய்ந்துபோகும் அதே கன்று, வீட்டுக் குப்பை விழும் மூலையில் பல வருடம் தார் தள்ளுவதும் இதனால்தான்.

மர சாம்பல் துணைக்கு ஆகும். ஆனால் காரத்தன்மை உடையது, புளிப்பு மண்ணுக்கே பொருந்தும்.

இனி, எப்போது போடுவது? தாரில் எத்தனை சீப்பு என்பது குலை வெளியே தெரிவதற்கு வெகு முன்பே தண்டுக்குள் முடிவாகிவிடும். தழையும் தண்டும் மக்க நேரம் எடுப்பதால், கன்று இளசாக இருக்கும்போதே போட்டிருக்க வேண்டும். அவசரத்துக்கு உதவுவது ஊறவைத்த புண்ணாக்குக் கரைசல்தான். அதுவும் குலை தள்ளியபின் ஊற்றினால் காய் கொஞ்சம் திரளும், சீப்பு ஒன்றுகூட அதிகமாகாது.