கொலைத் தொழிலை விட்டவர்களின் வீடு: மூன்று அனிமேக்கள், ஒரு கேள்வி

ரத்தக்கறை படிந்த தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீடு, மனைவி, பிள்ளை என்று ஒதுங்கிய மனிதர். பழைய பகை அவரை விடாது. இந்தக் கதைக்கருவை வைத்துக்கொண்டு ஜப்பானிய அனிமே (அனிமேஷன் தொடர்) உலகம் சில ஆண்டுகளாகவே சக்கைப்போடு போடுகிறது. 'சகமோட்டோ டேஸ்', 'ஸ்பை ஃபேமிலி', 'தி வே ஆஃப் தி ஹவுஸ்ஹஸ்பண்ட்' ஆகிய மூன்றும் ஒரே தெருவில் கடை போட்டவை. எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களிடம் நான் ஒரு கேள்வியைத்தான் முன்வைப்பேன்: குடும்பத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

சகமோட்டோவிலிருந்து தொடங்கலாம். யூட்டோ சுசுகி 2020 நவம்பரில் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் தொடங்கிய மாங்கா (ஜப்பானியப் படக்கதை) இது. டாரோ சகமோட்டோ ஒரு காலத்தில் கொலைகாரர்களே பெயரைக் கேட்டு நடுங்கிய கொலைகாரர். கடையில் வேலை பார்த்த அஓயைப் பார்த்த மாத்திரத்தில் காதல் வந்தது. தொழிலை விட்டார், கல்யாணம் செய்துகொண்டார், ஹனா என்ற மகள் பிறந்தாள், உடம்பு பெருத்துப்போனது. இப்போது ஒரு சிறிய மளிகைக் கடையின் முதலாளி. மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: இனி யாரையும் கொல்லக் கூடாது.

இந்த நிபந்தனைதான் தொடரின் உயிர்நாடி. எதிராளியைக் கொல்வதைவிட, உயிர் போகாமல் அடக்குவது கடினம். அதனால் சண்டைக்குச் சண்டை புதுப் புது உத்தி தேவைப்படுகிறது. கையில் கிடைப்பது எதுவோ அதுவே ஆயுதம், அதுவே கேடயம். தொப்பையோடு திரியும் மனிதர் திடீரென்று காற்றாகப் பாய்வதும், சண்டை மூர்க்கமானால் கொழுப்பு கரைந்து பழைய ஒல்லி உருவம் வெளியே வருவதும் பார்க்கச் சலிக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது முதல் அத்தியாயத்திலேயே வரும் ஒரு உத்தி. சகமோட்டோவிடம் பயிற்சி பெற்ற ஷின் என்ற இளைஞனுக்குப் பிறர் மனதைப் படிக்கும் சக்தி உண்டு. சகமோட்டோவோ வாயைத் திறப்பதே அபூர்வம். ஷின் அவர் மனதைப் படிக்கிறான். அங்கே ஷின் கொலையாகிக் கிடக்கிறான். நிபந்தனை கையைத்தான் கட்டியிருக்கிறது, கற்பனையைக் கட்டவில்லை. ஒருவர் மாறிவிட்டார் என்பதையும் முழுதாக மாறவில்லை என்பதையும் ஒரே நகைச்சுவைக்குள் வைத்திருக்கிறார்கள். பேசாத கதாநாயகனுக்கு அவன் மனதைப் படிப்பவனையே துணையாக்கியது மிகச் சிறந்த தேர்வு. சகமோட்டோவுக்குக் குரல் கொடுத்த டோமொகாசு சுகிடா, முனகலிலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

ஆரம்ப அத்தியாயங்களில் குடும்பத்தோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகும் பகுதி இந்தத் தொடரின் உச்சம் என்பேன். தலைக்கு விலை வைத்து வேட்டையாட வருகிறார்கள். அப்பாவோ மகளின் விடுமுறை நாள் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சண்டையில் குடும்பம் பின்னணிப் படமாக நிற்கவில்லை. சண்டையின் விதிகளை வகுப்பதே குடும்பம்தான்.

குறை அதற்குப் பிறகு வருகிறது. 2025 ஜனவரியில் ஒரு பகுதியும் ஜூலையில் இன்னொன்றுமாக இந்த அனிமே வெளியானது. இரண்டாம் பகுதியில் மரண தண்டனைக் கைதிகளான கொலைகாரர்கள் டோக்கியோவுக்குள் இறங்குகிறார்கள். கொலைகாரர் சங்கம், அதன் உயர்மட்டப் படை, அதைக் கவிழ்க்க நினைக்கும் மர்ம மனிதன் என்று உலகம் விரிகிறது. சண்டைகள் பெரிதாகின்றன, அஓயும் ஹனாவும் சிறிதாகிறார்கள். கொல்லக் கூடாது என்ற விதி இருக்கிறது, அந்த விதியைச் சொன்ன பெண்மணியைத்தான் காணோம். இது எனக்கு உண்மையான வருத்தம்.

அனிமே ஆக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். சுசுகி மாங்காவில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கண்ணை இழுத்துச் செல்லும் விதமே தனி. அசையாத தாளில் அசைவைக் காட்டுபவர் அவர். டி.எம்.எஸ் நிறுவனத்தின் அனிமே தரத்தில் மோசமில்லை, ஆனால் அந்த வேகத்தைச் சில இடங்களில்தான் எட்டிப் பிடிக்கிறது. மாங்காவைப் படித்த ரசிகர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது 'ஸ்பை ஃபேமிலி'. டட்சுயா எண்டோவின் மாங்கா 2019இல் தொடங்கியது. விட் ஸ்டுடியோவும் குளோவர்வொர்க்ஸும் சேர்ந்து 2022 ஏப்ரலில் அனிமேயாக்கின. பனிப்போர்க்கால ஐரோப்பாவை நினைவூட்டும் கற்பனை நாட்டில், லாய்ட் என்ற உளவாளி ஒரு பணிக்காகப் போலிக் குடும்பம் அமைக்கிறார். மனைவியாக வரும் யோர், நகராட்சி அலுவலக ஊழியர் வேடத்தில் இருக்கும் கொலைகாரி. தத்தெடுத்த ஆன்யாவுக்கு மனதைப் படிக்கும் சக்தி. இங்கே யாரும் ஓய்வு பெறவில்லை. சகமோட்டோவின் பழைய தொழில் அவர் மனைவிக்குத் தெரியும்; இந்த வீட்டில் குழந்தைக்கு மட்டுமே எல்லாம் தெரியும். அதுவே சிரிப்புக்கும் நெகிழ்ச்சிக்கும் காரணம்.

இரண்டாம் அத்தியாயத்தில், துரத்தி வரும் கடத்தல்காரர்கள் மீது கையெறி குண்டை வீசும் லாய்ட், அதன் வளையத்தை மோதிரமாக யோரின் விரலில் மாட்டித் திருமணம் பேசுகிறார். பின்னால் குண்டு வெடிக்கிறது. பொய்க் கல்யாணத்துக்கு அதைவிட மெய்யான சடங்கு இருக்க முடியாது. நான்காம் அத்தியாயத்தில், லாய்டின் பணிக்காக ஆன்யாவைச் சேர்த்தாக வேண்டிய ஈடன் பள்ளியின் நேர்காணல். தேர்வாளர் ஒருவர் இறந்துபோன தாயைப் பற்றிக் கேட்டு ஆன்யாவை அழவைக்கிறார். உணர்ச்சியே இல்லாதவராகப் பயிற்சி பெற்ற உளவாளியின் முஷ்டி மேசையைப் பிளக்கிறது. கொசு இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார். பணி கெட்டாலும் பரவாயில்லை என்று அந்த மனிதர் முதல்முறை முடிவெடுக்கும் இடம் அது. சகமோட்டோவின் எந்தச் சண்டையும் என்னை அப்படி அசைத்ததில்லை.

இந்தத் தொடரின் இயக்குநர் கசுஹிரோ ஃபுருஹாஷி, 1996இல் 'ருரௌனி கென்ஷின்' தொடரை இயக்கியவர். கொலை செய்வதில்லை என்று சபதம் எடுத்த முன்னாள் கொலைகாரனின் கதை அது. அந்த வகையில் சகமோட்டோவுக்கு மூதாதை. கென்ஷினின் கையில் கூர்ப்பக்கம் தன்னை நோக்கித் திரும்பிய வாள் இருந்தது, சபதம் ஆயுதத்திலேயே அடங்கியிருந்தது. சகமோட்டோவுக்கு அந்த வசதி கிடையாது, ஒவ்வொரு அடியிலும் தானேதான் அளந்து அடிக்க வேண்டும்.

'ஸ்பை ஃபேமிலி' இழுக்கும் இடங்களும் உண்டு. அன்றாடப் பள்ளிக் கதைகள் நீளும்போது மையக்கதை நகர மறுக்கிறது. யோருக்குக் கொலைத் தொழிலில் போதிய இடம் கிடைக்க, இரண்டாம் பருவத்தின் கப்பல் பயணம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோஸுகே ஊனோவின் மாங்கா, ஜே.சி.ஸ்டாஃப் தயாரிப்பில் 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. டட்சு, யாகுசா எனப்படும் ஜப்பானியக் குற்றக் கும்பல்களின் உலகில் சாகாவரம் பெற்ற டிராகன் என்று பெயரெடுத்தவர். இப்போது கறுப்புக் கண்ணாடி, முகத் தழும்பு, கோட்டு சூட்டுக்கு மேல் சமையல் ஏப்ரன். மனைவி மிக்கு வேலைக்குப் போகிறார், இவர் வீட்டைப் பார்க்கிறார். தள்ளுபடி விற்பனைக்குப் போவதும் கும்பல் சண்டைக்குக் கிளம்பும் தோரணையில்தான். கென்ஜிரோ ட்சுடாவின் கரகரத்த குரல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் அசையாத படங்களை அடுக்கியதுபோல் அனிமேயை எடுத்துவிட்டார்கள். ஒரு வரி நகைச்சுவைக்கு அது சரி. சில நிமிடங்களுக்கு மேல் கண் சோர்ந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்: மூவரில் உண்மையாகவே ஓய்வு பெற்றவர் டட்சு மட்டும்தான். வீட்டு வேலையை அவர் தண்டனையாக எண்ணவில்லை, அதில் தேர்ச்சியே காட்டுகிறார்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். குடும்பத்தை எடுத்துவிட்டால் 'ஸ்பை ஃபேமிலி'யும் டட்சுவின் கதையும் அங்கேயே விழுந்துவிடும். 'சகமோட்டோ டேஸ்' இரண்டாம் பகுதிக்குப் பிறகு தாராளமாக நிற்கும், நல்ல சண்டைத் தொடராகவே நிற்கும். அதனால் என் முதலிடம் 'ஸ்பை ஃபேமிலி'க்கு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். சண்டை அமைப்பில் புதுமை தேடுபவர்கள் சகமோட்டோவின் முதல் பகுதியைப் பார்த்துவிட்டு, மீதியை மாங்காவில் படிக்கலாம். டட்சுவை ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். சாப்பிட உட்காரும்போது ஓர் அத்தியாயம் போதும்.